வசந்த் சரின் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளே,

போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரம். நீங்கள் கபடி பழகப் போகிற மையத்தில், சுவரில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்களாம். பயிற்சியாளர் என்னென்ன செய்யக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறதாம். "தாத்தா, அந்த ரூல்ஸ் எல்லாம் ஃபாலோ பண்ணா, அவங்க நல்ல கோச்தானே?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போயிருக்கலாம். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வகுப்பின் ஆண்டு மலரில் போடலாம் என்று என் மகள் மீனாவும் சொன்னாள். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்துப் பிழையை உங்கள் மீனா டீச்சர் திருத்துவாள். விஷயத்தில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எனக்குத் தென்காசிப் பக்கம். கபடி ஆடுவேன் என்ற ஒரே காரணத்துக்காக மராத்திக்காரர்கள் ஊரான ஆகுர்டியில் வண்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். காலையில் பிரஸ் ஷாப்பில் தகடு அடிப்பேன், சாயங்காலம் கம்பெனி அணிக்கு ஆடுவேன். முழங்கால் போனதும் ஆட்டம் போயிற்று. மைதானத்தை விட்டுப் போக மனம் வராமல், ஒரு முகாமுக்குப் போய்ப் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கினேன். அந்த முகாமில் பிள்ளைகளின் எலும்பு, தசை, மூச்சு எல்லாவற்றையும் பற்றிப் பாடம் எடுத்தார்கள். பிள்ளைகளின் வெட்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

அதன் பிறகு பல வருஷம், தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிய மைதானத்தில் சிறுவர் சிறுமியர் அணிகளுக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து, வீட்டில் டீயைக் குடித்துவிட்டு நேராக மைதானம். அங்கே பிள்ளைகளுக்கு நான் 'அண்ணா'. என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

தலைமைப் பயிற்சியாளர் வசந்த் சர். அவரைப் பற்றி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அவருக்கு முன்னால் இருந்தவர் கையில் பிரம்பு வைத்திருந்தார். பிள்ளைகளின் கெண்டைக்காலில் எப்போதும் கோடு இருக்கும். வசந்த் சர் வந்த முதல் நாளே அந்தப் பிரம்பை எல்லோர் முன்னாலும் முறித்துப் போட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. குரல் உயர்த்த மாட்டார். எட்டு வயதுப் பிள்ளையைக்கூட மராத்தியில் மரியாதையாகத்தான் கூப்பிடுவார். பெண் பிள்ளைகள் பழகும்போது ஒரு தாயாவது மைதானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அப்போது எந்தப் பலகையும் கிடையாது. இன்று உங்கள் சுவரில் இருக்கிற விதிகளில் முக்கால்வாசியை யாரும் சொல்லாமலே கடைப்பிடித்தவர் அவர்.

உங்கள் வயதுப் பிரிவில் எடைக்கட்டு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். குறிப்பிட்ட கிலோவுக்கு மேலே போனால் போட்டியில் இறங்க முடியாது. அதனால் பழக்கம் தொடங்குவதற்கு முன் எடை பார்ப்போம். சர் அதை நடத்துகிற முறையே தனி. சிமெண்ட் மேடையில் எடை மெஷின் இருக்கும். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஒரு பிள்ளை ஏறி நிற்கும், அடுத்த பிள்ளை எண்ணைச் சத்தமாக வாசிக்கும். சர் வாசிக்க மாட்டார், நானும் வாசிக்கக்கூடாது. எண் கட்டுக்குள் இருந்தால் எல்லோரும் ஒருமுறை கை தட்டுவார்கள். கூடிவிட்டால் மைதானம் அமைதியாகிவிடும்.

அப்போது சர் தன் நீல பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். கைக்குட்டையை எடுத்து இருக்கையைத் துடைப்பார். எடை கூடிய பிள்ளையின் தோளைத் தொட்டு, "உட்காரும்மா, பரவாயில்லை" என்பார். அந்தப் பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லோரும் அதன் பங்குக்கும் சேர்த்து மைதானத்தைச் சுற்றி ஓடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலிக்கு முன்னால் வரும்போது உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். "அவள் நம்முடைய தோழி, முகத்தைத் தூக்கி வைக்காதீர்கள்" என்பார் சர். மூச்சு வாங்க ஓடிவருகிற பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு கடந்து போவார்கள். ஓட்டம் முடிகிற வரை சரும் வெயிலில் நின்றுகொண்டே இருப்பார்.

முதலில் பார்த்தபோது எனக்கே அது பிடித்திருந்தது. அடி இல்லை, வசவு இல்லை, தன் நாற்காலியையே கொடுக்கிறார் மனிதர். எதைக் குறை சொல்வது? மைதானத்து நாய்களைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. எலும்பும் தோலுமாகத் திரிந்த நாய்கள் கொழுத்து வந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருகிற அவல் உப்புமாவும் சப்பாத்தியும் டிபன் டப்பாவோடு வேலிக்குப் பின்னால் போய், காலி டப்பாவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பவானி. என்னோடு அதே தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்த செல்வராஜின் மகள். கோவில்பட்டிக் குடும்பம். என்னை மாமா என்றும் என் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவாள். பாடிப் போனால் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவது கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு வேகம். பதினான்கு வயது, வளர்கிற வயது. உடம்பு வளரும். எடைக்கட்டு வளராது. ஒரு சாயங்காலம் அவளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, ஓடுகிறவர்களைப் பார்க்காமல் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் அவளுடைய நெருங்கிய தோழி ஒருத்தி கால் பிசகி விழுந்தாள். விழுந்தவள் எழுந்து, நாற்காலியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினாள்.

அதற்கப்புறம் பவானியின் எடை ஒருநாளும் கூடவில்லை.

அந்தக் கோடையில் மாநில அணித் தேர்வு சாங்லியில் என்று முடிவாயிற்று. பவானி மத்தியான வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். புளிப்பு மிட்டாயை வாயில் போட்டு, ஊறுகிற எச்சிலை விழுங்காமல் பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தாள். உடம்பில் இருக்கிற தண்ணீரை இறக்க மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற வித்தை இது. எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருநாள் பின்னலை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். இடுப்பு வரை தொங்கின முடி. முடிக்கும் எடை உண்டு அல்லவா? சர் அவளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். "யாரம்மா உன்னை வெட்டச் சொன்னது?" என்று கேட்டார். உண்மையான வருத்தம்தான், நடிப்பு இல்லை. பிறகு மற்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் கை தட்டினார்கள்.

அன்றைக்கு நான் அவரிடம் பேசினேன். நாங்கள் இந்தியில் பேசிக்கொண்டதைத் தமிழில் எழுதுகிறேன். இவள் உடம்புக்கு இந்தப் பிரிவு இனி ஒத்துவராது, மேல் பிரிவில் ஆடவிடுவோம், ஒரு வருஷம் பொறுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"அண்ணா, நான் அவளைப் பட்டினி கிடக்கச் சொன்னேனா?"

"இல்லை, சர்."

"ஓடச் சொன்னேனா? முடியை வெட்டச் சொன்னேனா?"

"இல்லை, சர். நாற்காலியில்..."

"நாற்காலி ஓய்வெடுப்பதற்கு. பிள்ளைகள் அவர்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். நாம் குறுக்கே நிற்கக்கூடாது."

டீ ஆறிப்போயிற்று. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

பவானியை வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் மனைவி தயிர்ச்சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாய் தின்னுட்டுப் போ தாயி. மூஞ்சி எப்படிச் சுண்டிப் போச்சு பாரு."

"பசிக்கல அத்த."

"பசிக்காம எப்படிட்டீ இருக்கும்? காலையில என்ன சாப்பிட்ட?"

"சாப்ட்டேன். சச்சி, நெசமா சாப்ட்டேன்." அவள் உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

செல்வராஜைப் போய்ப் பார்த்தேன். அவன் என்னை நிற்கவைத்தே பேசினான். "அண்ணாச்சி, இன்னும் நாலு நாள்தான். மாநில அணியில வந்துட்டா அவ வாழ்க்கையே மாறிரும். நீங்களும் கபடியாலதான வேலைக்கு வந்தீக? எம் மவளுக்கு மட்டும் ஏன் குறுக்க வாறீக?" என்றான். கம்பெனியில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியிடம் போனேன். சர் யாரையாவது அடித்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்ன என்றார்.

சாங்லியில் காலையில் எடை பார்த்தார்கள். பவானி கட்டுக்குள் இருந்தாள். மத்தியானம் ஆட்டம். இரண்டு முறை பாடிப் போய்ப் புள்ளியோடு திரும்பினாள். மூன்றாவது முறை நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு விழுந்தாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை, தானாக விழுந்தாள். இரண்டு காலும் கட்டையாக இழுத்துக்கொண்டன. நான் தூக்கும்போது தண்ணீர் கேட்பாள் என்று நினைத்தேன். "பாயிண்ட் குடுத்தாங்களா மாமா?" என்று கேட்டாள். ராத்திரி சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போயிற்று. மருத்துவமனையில் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். உடம்பு வறண்டு கிடந்தபோது ஓடிய ஓட்டத்தில் தசை நைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார். மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் பழையபடி முழுக்கச் சரியாகாது, இனிமேல் ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாநில அணியில் அவள் பெயரும் வந்திருந்தது. செல்வராஜ் அதை அவள் காதில் சொன்னபோது அவள் மூக்கில் குழாய் இருந்தது.

நான் கபடி சங்கத்துக்குப் புகார் கொடுத்தேன். விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். கிளப் அறையில் மின்விசிறி சுற்ற, எல்லோருக்கும் வடாபாவும் டீயும் வந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சர் அடித்தாரா? இல்லை. திட்டினாரா? இல்லை. சாப்பிட வேண்டாம் என்றாரா? ஒருநாளும் இல்லை. எந்தப் பிள்ளையும் பொய் சொல்லவில்லை. என் முறை வந்தது. மூவரில் பெரியவர், புகாரை ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார்.

நான் சொன்னேன்: "எடை கூடின பிள்ளையை அவர் தன் நாற்காலியில் உட்காரவைக்கிறார்."

பெரியவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு ஒருவர் சிரித்தார். "என் கோச் என்னை வெயிலில் முட்டி போடவைத்தார். நாற்காலி கொடுத்திருந்தால் கும்பிட்டிருப்பேன்" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் விளக்கப் பார்த்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டு வந்ததுதான், அங்கே வாயில் வரவில்லை. ஓடுவதைச் சொன்னால், ஓட்டம் பயிற்சிதானே என்றார்கள். சிரிப்பைச் சொன்னால், அது அன்புதானே என்றார்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் நல்லதாகவே இருந்தது.

கடைசியாகப் பவானியை அழைத்து வந்தார்கள். சுடிதார் தோளில் நிற்கவில்லை. முடி காதளவுக்கு வளர்ந்திருந்தது. வசந்த் சர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். அவள் உட்காரவில்லை. கடைசி வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சர் எங்கிட்ட எதுவும் சொல்லல. எனக்குத்தான் பசிக்கல" என்று மராத்தியில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, விசாரிக்க வந்தவர்களுக்குப் புரியாதபடி தமிழில் சொன்னாள். "ஏன் மாமா இப்படிப் பண்றீங்க? சர் எனக்கு அப்பா மாதிரி."

வசந்த் சர் அழுதார். செல்வராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தலைமைப் பயிற்சியாளர் பதவிக்காக நான் இதையெல்லாம் கிளப்புவதாகப் பேச்சு வந்தது. அடுத்த வாரம் முதல் என்னை மைதானத்துக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். ஓய்வு பெறுகிற வரை நான் தகடு மட்டும் அடித்தேன். கம்பெனி பஸ் மைதானத்தைத் தாண்டித்தான் போகும். நான் மறுபக்கத்து ஜன்னலில் உட்காருவேன்.

வருஷங்கள் போயின. பல ஊர்களில் பல கொடுமைகள் வெளியே வந்து, பயிற்சியாளர்களுக்கு நடத்தை விதிகள் வந்தன. நல்ல விதிகள், தேவையான விதிகள். அவற்றால் தப்பித்த பிள்ளைகள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்து இளம் பயிற்சியாளர்களுக்கு அந்த விதிகளை விளக்கி முதல் வகுப்பு எடுத்தவர் யார் தெரியுமா? வசந்த் சர்தான். ஊரை ஏமாற்றுவதற்காக எடுக்கவில்லை. ஒவ்வொரு விதியையும் மனதார நம்பி எடுத்தார். இப்போது சாத்தாரா பக்கம் தன் ஊரில் இருக்கிறாராம். பழைய பிள்ளைகள் தீபாவளிக்குப் போய் அவர் காலைத் தொட்டு வருகிறார்களாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட மறுநாள் சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் மையத்துக்கு வந்தேன். உங்கள் கபடி மிஸ் என்னைப் பார்த்து ஓடி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மாமா!" என்று குனிந்து காலைத் தொட்டாளே, அவள் எனக்கு என்ன உறவு என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். அது பவானி. பெயரை மாற்றியும் பயனில்லை, உங்களுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரிந்தே எழுதுகிறேன். அத்தை எப்படி இருக்கிறாள், முழங்கால் எப்படி இருக்கிறது என்று எல்லாம் விசாரித்தாள். உனக்கு எப்படி என்று கேட்டேன். "மாத்திரை ஓடிட்டே இருக்கு மாமா. அது பாட்டுக்கு அது" என்று சிரித்தாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பலகையை வாசித்தேன். அடிக்கக்கூடாது. கெட்ட வார்த்தை பேசக்கூடாது. பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. பட்டினி போடக்கூடாது. அடிபட்ட பிள்ளையை ஆடவைக்கக்கூடாது. கீழே பவானியின் கையெழுத்து. அவள் அதில் எதையும் மீறுகிறவள் இல்லை. அவள் போட்ட கையெழுத்தை நான் அப்படியே நம்புகிறேன்.

பிறகு எடை பார்த்தீர்கள். ஒருவர் ஏற, அடுத்தவர் சத்தமாக வாசித்தார். உங்களில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. பவானி தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். துப்பட்டாவின் நுனியால் இருக்கையைத் துடைத்தாள். தோளைத் தொட்டு, "பைட்டோ பேட்டா, கோயி பாத் நஹீ" என்றாள், அதே 'உட்காரும்மா, பரவாயில்லை'தான், இந்தியில். மற்றவர்கள் ஓடத் தொடங்கினீர்கள். சிரித்துக்கொண்டே ஓடினீர்கள்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"பவானி, இது வேண்டாம்மா."

"ஏன் மாமா? நான் அடிக்கலியே. ஒரு சத்தம் போட்டேனா? பேரண்ட்ஸ்லாம் எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க தெரியுமா?"

"அந்த நாற்காலியில நீ உக்காந்தப்ப எப்படிம்மா இருந்தது?"

அவள் ஓடுகிற உங்களைத் திரும்பிப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது பெருமை.

"அதுக்கப்புறம் நான் ஒருநாள்கூட உக்காரலியே மாமா."

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்து, மரியாதையாக, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு வசந்த் சரையே பார்ப்பது போல இருந்தது. மைய நிர்வாகியிடம் போனேன். அவர் ரொம்ப மரியாதையாக என்னைப் பலகைக்கு முன்னால் அழைத்துக்கொண்டு போய், "எந்த விதி சார்?" என்று கேட்டார். மறுபடி வாசித்தேன். பிள்ளைக்கு நாற்காலி கொடுக்கக்கூடாது என்று எதிலும் இல்லை. உங்கள் அப்பா அம்மாக்கள் இரண்டு பேரிடம் சொன்னேன். அங்கிள், அந்த மிஸ் தங்கமானவங்க என்றார்கள். அதுவும் நிஜம்தான்.

கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கொடுத்து முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். விதிகளைக் கடைப்பிடித்தால் நல்ல கோச்தானா? எனக்குத் தெரியவில்லை பிள்ளைகளே. இதை எப்படி விதியாக எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும். மீனா கடைசியில் நம்பிக்கையாக நாலு வரி எழுதச் சொன்னாள். பொய்யாக எழுத எனக்கு வரவில்லை.

அன்றைக்குப் பயிற்சி முடிந்து எல்லோரும் கேட்டுக்கு வெளியே வடாபாவ் வண்டியைச் சூழ்ந்துகொண்டீர்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தள்ளி நின்றீர்கள். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவரும் நீங்கள்தான். நான் ஒன்றை வாங்கிக் காகிதத்தோடு நீட்டினேன். சூடாக இருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"பசிக்கல தாத்தா" என்றீர்கள்.